போச்டு எக்: வெள்ளைக்கரு சிதறாமல் வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

ஓட்டை உடைத்து, முட்டையை நேராகச் சூடான தண்ணீரில் விட்டு வேகவைத்து எடுப்பதுதான் போச்டு எக். எண்ணெய்கூடத் தேவையில்லை. ஆனாலும் முதல் தடவை செய்பவர்கள் பலருக்கும் கடைசியில் மிஞ்சுவது, நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைக்கருவும் பாத்திரம் முழுக்க நுரையும்தான். தண்ணீரைச் சரியாகச் சுழற்றவில்லை, வினிகர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த தடவை இன்னும் வேகமாகச் சுழற்றுவார்கள், இன்னொரு கரண்டி வினிகர் ஊற்றுவார்கள். கோளாறு அங்கே இல்லை. முட்டை நல்ல வடிவத்தில் வருமா வராதா என்பது அது தண்ணீருக்குள் போகும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் முட்டையைத் தயார் செய்வதற்குத்தான் அதிக இடம். முறைகள் அதற்குப் பிறகு.

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

முட்டை தண்ணீரில் இருக்கப்போவது மொத்தமே நான்கு நிமிடம். அந்த நேரத்தில் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தால் மஞ்சள் கரு கட்டியாகிவிடும். எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வாயகன்ற பாத்திரம் ஒன்று: 20 முதல் 24 செ.மீ. அகலம், குறைந்தது 8 செ.மீ. உயரம். நான்ஸ்டிக் இருந்தால் அதையே எடுங்கள், அடியில் ஒட்டாது. எவர்சில்வர் பாத்திரத்திலும் வரும், தண்ணீரை மட்டும் கொஞ்சம் ஆழமாக வைக்க வேண்டும்.

கம்பிவலை வடிகட்டி ஒன்று. கண் டீ வடிகட்டி அளவுக்கு இருந்தால் போதும், வாய் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வேண்டும். வாய் சின்னதாக இருந்தால் முட்டை ஒரு பக்கம் வழிந்து, மஞ்சள் கரு விளிம்பில் பட்டு உடையும்.

இவற்றோடு முட்டைக்கு ஒன்றாகச் சின்னக் கிண்ணங்கள், ஒரு கண்கரண்டி, நான்காக மடித்த சுத்தமான துணி, டைமர். கண்கரண்டியின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அது மஞ்சள் கருவைக் கிழிக்கும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் முதல் சில தடவைகளுக்குப் பெரிய உதவி. இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணிக்கலாம், அது 4ஆம் பகுதியில் வருகிறது.

2. முட்டை எவ்வளவு புதுசு என்று பாருங்கள்

வேகவைக்கவோ ஆம்லெட்டுக்கோ எந்த முட்டையும் சரி. போச்டு எக்குக்கு மட்டும் முட்டையின் வயது முக்கியம். அதன் காரணம் வெள்ளைக்கருவில் இருக்கிறது.

வெள்ளைக்கரு ஒரே மாதிரியான திரவம் கிடையாது. மஞ்சள் கருவைச் சுற்றிக் கூழ்போலக் கெட்டியாக நிற்கும் ஒரு பகுதி, அதற்கு வெளியே தண்ணீர்போல ஓடும் ஒரு பகுதி என்று அதில் வகை உண்டு. முட்டை நாள்பட நாள்பட ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உள்ளே காரத்தன்மை ஏறுகிறது, கூழ் இளகுகிறது. கெட்டிப் பகுதி குறைந்து, ஓடும் பகுதி கூடிக்கொண்டே போகும். தண்ணீரில் நூலாகப் பிரிவது இந்த ஓடும் பகுதிதான்.

சோதிப்பது எளிது. ஓர் ஆழமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து முட்டையை மெதுவாக விடுங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதுசு. ஒரு முனை கொஞ்சம் தூக்கிக்கொண்டு சாய்வாக இருந்தால் சில நாள் ஆனது, வடிகட்டினால் சரியாக வரும். செங்குத்தாக நின்றால் பழசு. அதைக் கெட்டியாக வேகவைக்க எடுத்துக்கொள்ளுங்கள், ஓடு உரிக்கவும் அதுதான் சுலபம். மிதந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஈரம் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றறை பெரிதாவதால்தான் முட்டை நிமிர்கிறது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உடைக்கலாம். குளிர்ந்த முட்டையின் மஞ்சள் கரு எளிதில் உடையாது என்பது ஒரு வசதி. நேரத்தில் மட்டும் 20 முதல் 30 விநாடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. உடைப்பதும் வடிகட்டுவதும்

பலரும் தாண்டிப் போகும் படி இது. இதைச் செய்துவிட்டால் பின்னால் வரும் எந்த முறையும் கைகூடும்.

முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டாமல், சமதளமான இடத்தில் தட்டி உடையுங்கள். விளிம்பில் தட்டும்போது ஓட்டுச் சில்லு உள்ளே குத்தி மஞ்சள் கருவின் மெல்லிய சவ்வைக் கிழித்துவிட வாய்ப்பு அதிகம். உடைத்ததை ஒரு கிண்ணத்தில் விட்டு, மஞ்சள் கரு முழுசாக இருக்கிறதா, ஓட்டுத்துண்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அதை வடிகட்டிக்குள் சரியுங்கள். உற்றுப் பார்த்தால் இரண்டு வகை வெள்ளைக்கருவும் கண்ணெதிரே பிரிவது தெரியும். ஓடும் பகுதி கம்பிவலைக்கு அடியில் ஒரு துளியாகத் திரண்டு, கோழை மாதிரி நீண்டு, அறுந்து விழும். மேலே மஞ்சள் கருவைச் சுற்றிக் கெட்டிப் பகுதி மட்டும் ஒரு மேடுபோல நிற்கும். கைப்பிடியைப் பிடித்து இரண்டு மூன்று தடவை வட்டமாக, மென்மையாக ஆட்டுங்கள். தட்டவோ உதறவோ கூடாது. 20 முதல் 30 விநாடி போதும். புது முட்டையில் ஒரு டீஸ்பூன் அளவு வடியும், பழசில் ஒரு மேசைக்கரண்டி வரைகூட வடியும். அதை வீணாக்க வேண்டியதில்லை, ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

மஞ்சள் கருவை ஒட்டி வெள்ளையாகக் கயிறுபோல ஒன்று முறுக்கிக்கொண்டு இருக்கும். மஞ்சள் கருவை முட்டையின் நடுவில் பிடித்து வைப்பது அதுதான். அழுக்கு என்று நினைத்துச் சிலர் விரலால் பிய்க்கப் போய் மஞ்சள் கருவை உடைத்துக்கொள்கிறார்கள். விட்டுவிடுங்கள், வெந்தபின் தெரியாது.

வடிந்ததும் முட்டையைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். நான்கு முட்டை என்றால் நான்கு கிண்ணம். எல்லாவற்றையும் வடிகட்டி முடித்த பிறகே தண்ணீர்ப் பக்கம் போங்கள். ஒன்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்ததை உடைக்க ஆரம்பித்தால், முதல் முட்டை வெந்து முடியும்போது கடைசி முட்டை இன்னும் கூழாக இருக்கும்.

வடிகட்டி இல்லையென்றால் ஒரு மாற்று வழி உண்டு. முழு முட்டையை ஓட்டோடு கொதிக்கும் தண்ணீரில் 10 விநாடி முக்கி எடுத்துவிட்டு உடைக்கலாம். ஓட்டை ஒட்டியிருக்கும் வெள்ளைக்கரு லேசாகத் திரண்டு, சிதறல் குறையும். வடிகட்டும் அளவுக்குச் சுத்தமாக வராது, ஓட்டிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு உதவும்.

4. தண்ணீர்: ஆழம், சூடு, உப்பு, வினிகர்

அகலப் பாத்திரத்தில் 6 செ.மீ. ஆழம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் முட்டை அடியில் தட்டையாகப் பரவி ஒட்டிக்கொள்ளும், மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியே நிற்கும்.

சூடு 82 முதல் 88 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்கருவில் பல புரதங்கள் உண்டு. முதலில் திரளும் புரதம் 61, 62 டிகிரியிலேயே திரள ஆரம்பிக்கும். ஆனால் பாதிக்கும் மேல் இருக்கும் முக்கியப் புரதம் உறுதியாக 80 டிகிரிக்கு அருகே போக வேண்டும். மஞ்சள் கருவோ 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கி 70-இல் இறுகிவிடும். வெளிப்புறம் 80-ஐத் தொட வேண்டும், நடுப்பகுதி 65-ஐத் தாண்டக் கூடாது. நான்கு நிமிடக் கணக்கு இதிலிருந்து வருவதுதான்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் தண்ணீரை ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டுத் தீயைச் சிம்மில் வையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வப்போது ஒன்றிரண்டு மேலே வரும், நீர்ப்பரப்பு லேசாக நடுங்கும், ஆவி சீராக எழும். அந்த நிலைதான் வேண்டும். தளதளவென்று கொதித்தால் குமிழிகளே வெள்ளைக்கருவைக் கிழித்துவிடும். ஆவிகூட எழாமல் அசைவற்றுக் கிடந்தால் சூடு போதாது, முட்டை திரளும் முன்பே பரவிவிடும்.

உப்பு: 1 லிட்டருக்கு 1 டீஸ்பூன். சுவைக்கும் சரி, வெளிப்பரப்பு சீக்கிரம் திரளவும் உதவும்.

வினிகர் பற்றித்தான் அதிகக் குழப்பம். புளிப்பு, வெள்ளைக்கருவைச் சீக்கிரம் திரளச் செய்யும் என்பது உண்மை. அளவு 1 லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. வெள்ளை வினிகர். எலுமிச்சைச் சாறும் அதே அளவில் வேலை செய்யும். ஆனால் புது முட்டையை நன்றாக வடிகட்டியிருந்தால் வினிகரே வேண்டாம். ஊற்றினால் மேற்பரப்பின் மினுமினுப்பு குறைந்து சற்றுச் சொரசொரப்பாகும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றினால் முட்டையே புளிக்கும். முட்டை கொஞ்சம் பழசு, வேறு வழியில்லை என்றால் மட்டும் சேர்ப்பதே என் பரிந்துரை.

5. அடிப்படை முறை: அகலப் பாத்திரம், சிம்

புதிதாகக் கற்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். ஒரே நேரத்தில் நான்கு முட்டைவரை செய்யலாம், சுழற்றும் வித்தை எதுவும் தேவையில்லை.

தண்ணீர் சரியான சூட்டுக்கு வந்ததும் முட்டைக் கிண்ணத்தின் விளிம்பைத் தண்ணீரில் தொடும்படி வைத்து, அப்படியே சாயுங்கள். கிண்ணத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்து முட்டையை ஏந்திக்கொள்ளும். அதோடு சேர்த்து வழுக்கிவிடுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் விழும் வேகத்தில் வெள்ளைக்கரு மஞ்சள் கருவை விட்டுப் பிரியும்.

முதல் முட்டையைக் கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் விட்டால், அடுத்தவற்றை 3, 6, 9 என்று வரிசையாக விடுங்கள். எந்த முட்டை முதலில் போனது என்ற குழப்பம் வராது, அதே வரிசையில் எடுக்கலாம். டைமரை முதல் முட்டை இறங்கியதும் தட்டுங்கள்.

முதல் 30 விநாடி தொடாதீர்கள். பிறகு கண்கரண்டியின் முதுகால் முட்டையைச் சுற்றித் தண்ணீரை மெல்ல அசையுங்கள். அடியில் ஒட்டியிருந்தால் தானாக விட்டுவிடும். விடவில்லையென்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். வெள்ளைக்கரு உறுதியானதும் பிடி தளரும். சுரண்டினால் அடிப்பக்கம் கிழியும்.

ஒவ்வொரு முட்டையும் தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். 1 லிட்டரில் ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 3 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு முட்டைக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது இதனால்தான். விட்டதும் தீயைக் கொஞ்சமாக ஏற்றி, குமிழி மறுபடி தலைகாட்டியதும் சிம்முக்கு இறக்குங்கள்.

6. நேரமும் வெந்ததற்கான அடையாளமும்

ஓட்டோடு 50 முதல் 55 கிராம் எடையுள்ள முட்டைக்கான கணக்கு இது. 3 நிமிடத்தில் வெளியே வெந்திருக்கும், மஞ்சள் கருவை ஒட்டிய வெள்ளை இன்னும் கூழாக இருக்கும். 3½ முதல் 4 நிமிடத்தில் வெள்ளை முழுசாக வெந்து, மஞ்சள் கரு குத்தினால் வழியும். 5 நிமிடத்தில் மஞ்சள் கரு ஜாம் பதத்துக்கு வரும். 6 முதல் 7 நிமிடத்தில் இறுகிவிடும்.

கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். கண்கரண்டியால் முட்டையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, விரல்நுனியால் இரண்டு இடங்களில் தொட்டுப் பாருங்கள். முதலில் மஞ்சள் கருவின் மேல்: தண்ணீர் நிரப்பிய சின்னப் பலூனைத் தொட்டதுபோல மெத்தென்று இருந்து எழும்ப வேண்டும். அடுத்து மஞ்சள் கருவும் வெள்ளையும் சேரும் மடிப்பு: அது உறுதியாக இருக்க வேண்டும். கடைசியில் வேகும் இடம் அந்த மடிப்புதான். அங்கே வழவழப்பாக விரல் உள்ளே போனால் இன்னும் 30 விநாடி தண்ணீரில் விடுங்கள்.

எடுத்ததும் கரண்டியோடு துணிமேல் 10 விநாடி வைத்து ஈரத்தை இறக்குங்கள். முட்டையின் மடிப்புகளில் ஒரு டீஸ்பூன் தண்ணீராவது தங்கியிருக்கும். அது தட்டில் இறங்கினால் கீழே வைத்த ரொட்டி ஊறிப்போகும். ஓரத்தில் தொங்கும் பிசிறைக் கரண்டி விளிம்பால் நறுக்கிவிடலாம்.

மஞ்சள் கரு வழியும் முட்டையில் சால்மோனெல்லா கிருமி முழுதாக அழிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மஞ்சள் கரு இறுகும்வரை வேகவைத்துக் கொடுங்கள். ஓட்டில் விரிசல் விட்ட முட்டையை யாருக்குமே இந்த முறையில் செய்யாதீர்கள்.

7. அடுப்பை அணைத்து மூடும் முறை

தீயைக் கட்டுப்படுத்துவதில் சிரமப்படுகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது. 2 லிட்டர் தண்ணீரை உப்போடு நன்றாகக் கொதிக்கவிடுங்கள். வடிகட்டிய முட்டைகளை, நான்குவரை, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக விட்டு, உடனே அடுப்பை அணைத்து இறுக்கமாக மூடுங்கள். 3 நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். மஞ்சள் கருவுக்கு அருகே வெள்ளை இளசாக இருந்தால் மூடிவைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

தீ அணைந்ததும் குமிழி நின்றுவிடுவதால் முட்டையைக் குலைக்க எதுவும் இல்லை. தண்ணீரில் சேமித்த சூடே வேகவைக்கிறது. அதனால்தான் தண்ணீர் அளவைக் குறைக்கக் கூடாது; அரை லிட்டரில் செய்தால் பாதியிலேயே சூடு இறங்கிவிடும். மெல்லிய அலுமினியப் பாத்திரமும் சீக்கிரம் ஆறும், அடிகனமானதை எடுங்கள். அந்த முதல் 3 நிமிடத்துக்குள் மூடியைத் திறந்து திறந்து பார்த்தாலும் இதே கதைதான்.

8. சுழல் முறை

எல்லோரும் முதலில் முயல்வது இதைத்தான், எல்லோரும் தடுமாறுவதும் இதில்தான். ஒரே ஒரு முட்டை, உருண்டையாக, கண்ணீர்த்துளி வடிவில் வேண்டுமென்றால் மட்டும் செய்யுங்கள்.

குறுகலான, ஆழமான பாத்திரத்தில் 10 செ.மீ. தண்ணீர். சூடு அதே 85 டிகிரிதான். கரண்டியை விளிம்போரமாக விட்டு ஒரே திசையில் நான்கைந்து சுற்று சுற்றி, கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். உடனே முட்டையை விடாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இந்த இடத்தில். சுழல் வேகமாக இருக்கும்போது விட்டால் வெள்ளைக்கருவை இழுத்துப் பாத்திரம் முழுக்கச் சுற்றிவிடும். மூன்று நான்கு விநாடி பொறுத்து, நடுவில் பள்ளம் ஆழம் குறைந்து சோம்பலாகச் சுற்றும் நேரத்தில் அந்தப் பள்ளத்தில் வழுக்கிவிடுங்கள். மெதுவான சுழல் வெள்ளைக்கருவை மஞ்சள் கருமேல் சுற்றிப் போர்த்தும்.

இரண்டாவது முட்டையை அதே தண்ணீரில் விட முடியாது, முதல் முட்டை நடுவில் இருக்கும். நான்கு பேருக்கு என்றால் நான்கு தடவை செய்ய வேண்டிவரும். வடிகட்டாத முட்டையைச் சுழல் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

9. கிண்ண முறையும் க்ளிங் ஃபிலிமும்

சிலிகான் அல்லது உலோகக் கிண்ணத்தில் வெண்ணெயோ எண்ணெயோ தடவி, முட்டையை விட்டு, கொதிக்கும் தண்ணீர்மேல் வைத்து மூடி 5 முதல் 6 நிமிடம். வடிகட்டத் தேவையில்லை, தோற்கவும் வாய்ப்பில்லை. ஆனால் இது உண்மையில் ஆவியில் வேகும் முட்டை. கிண்ணத்தின் சுவரைத் தொடும் ஓரம் சற்று ரப்பர்போல இருக்கும், தண்ணீரில் வெந்ததன் மென்மை வராது. மூடியில் கோத்த நீர் முட்டைமேல் சொட்டாமல் இருக்க மூடியைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

க்ளிங் ஃபிலிம் (உணவைச் சுற்றிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) முறையில் சின்னக் கிண்ணத்தில் ஃபிலிமை விரித்து, எண்ணெய் தடவி, முட்டையை விட்டு, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போட்டு, 85 டிகிரித் தண்ணீரில் 4½ முதல் 5 நிமிடம் வைப்பார்கள். எண்ணெய் தடவ மறந்தால் பிரிக்கும்போது முட்டையின் தோலும் கூடவே வந்துவிடும். சூட்டைத் தாங்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்ட ஃபிலிமைத் தவிர வேறெதையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பொட்டலம் பாத்திரத்தின் அடியிலும் படக் கூடாது. அங்கே சூடு தண்ணீரைவிட அதிகம், ஃபிலிம் உருகலாம். அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பக்குவம் பார்ப்பதைவிட வடிகட்டிச் செய்வது சுலபம்.

10. மைக்ரோவேவ்

ஒரே ஒருவருக்கு, அவசரத்துக்கு. ஆழமான பீங்கான் கோப்பையில் 120 மி.லி. தண்ணீர், அரை டீஸ்பூன் வினிகர். முட்டையை விடுங்கள், அது முழுசாக மூழ்க வேண்டும். பல்குத்தும் குச்சியால் மஞ்சள் கருவில் ஒரு குத்துக் குத்துங்கள். சாசரால் மூடி, 800 முதல் 1000 வாட் அடுப்பில் 45 விநாடி வையுங்கள். வெள்ளை வேகவில்லையென்றால் 10 விநாடி வீதம் கூட்டுங்கள்.

குத்தாமல் விடக் கூடாது. மஞ்சள் கருவின் சவ்வுக்குள் ஆவி சேர்ந்து, வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். அடுப்புக்குள் வெடிக்காமல், வெளியே எடுத்துக் கரண்டியால் தொடும்போது வெடித்தால் முகத்தில் சூடாகத் தெறிக்கும். அதனால் அடுப்பு நின்றபின் 30 விநாடி உள்ளேயே விட்டு, பிறகு சாசரை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். முட்டையைக் கரண்டியால் உடனே எடுத்துவிடுங்கள், தண்ணீரில் கிடந்தால் வெந்துகொண்டே இருக்கும்.

11. ஓட்டோடு வைத்து, கடைசியில் தண்ணீரில் முடிப்பது

தண்ணீரைத் துல்லியமான சூட்டில் நிறுத்தும் சூ வீட் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது. முழு முட்டைகளை 63 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம் வையுங்கள். மஞ்சள் கரு கஸ்டர்டுபோலவும் வெள்ளை மிக இளசாகவும் வரும். முக்கியப் புரதம் திரளும் சூட்டைத் தொடாததால் வெள்ளை உறுதிப்படுவதில்லை.

அதனால் கண்கரண்டிமேல் உடைத்து ஊற்றுங்கள். திரளாத பகுதி வழிந்துவிடும். மீதியை 85 டிகிரித் தண்ணீரில் 45 விநாடி முதல் 1 நிமிடம் வைத்து எடுத்தால் வெளிப்பக்கம் உறுதியாகும். பத்து இருபது முட்டையை ஒரே பதத்தில் எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

தக்காளிச் சாஸ் போன்ற கெட்டியான குழம்பிலும் முட்டையை வேகவைக்கலாம். கரண்டியால் குழி பறித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டை விட்டு, மூடி, சிம்மில் 5 முதல் 7 நிமிடம். குழம்பு நீர்க்க இருந்தால் குழி நிற்காது.

12. இப்படி வந்தால் இதுதான் காரணம்

நூல் நூலாகப் பிரிகிறது: முட்டை பழசு அல்லது வடிகட்டவில்லை. வடிகட்டியும் பிரிந்தால் தண்ணீர் வேகமாகக் கொதித்திருக்கிறது.

தோசைபோலத் தட்டையாகப் பரவுகிறது: சூடு போதவில்லை அல்லது ஆழம் குறைவு.

மஞ்சள் கரு தனியே, வெள்ளை தனியே போகிறது: உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறீர்கள்.

வெளியே ரப்பர், உள்ளே கூழ்: தண்ணீர் 95 டிகிரிக்கு மேல். வெளிப்புறம் இறுகும் வேகத்துக்குச் சூடு உள்ளே போய்ச் சேரவில்லை. நேரத்தைக் கூட்டுவதால் இது சரியாகாது, தீயைக் குறைக்க வேண்டும்.

மஞ்சள் கரு கிண்ணத்திலேயே உடைந்துவிட்டது: அதைத் தண்ணீரில் விடாதீர்கள், தண்ணீர் கலங்கி மற்ற முட்டைகளையும் கெடுக்கும். பொரியலுக்கு ஒதுக்குங்கள்.

13. நிறையப் பேருக்கு, முன்கூட்டியே

எட்டு முட்டைக்கு மேல் என்றால் ஒரே நேரத்தில் செய்ய முயல வேண்டாம். நான்கு நான்காகச் செய்து, ஒவ்வொன்றையும் 30 விநாடி முன்னதாகவே எடுத்து, ஐஸ் போட்ட தண்ணீரில் விடுங்கள். முட்டை வேகுவது அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு தொகுதிக்குப் பிறகும் தண்ணீர்மேல் மிதக்கும் நுரையைக் கரண்டியால் அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முட்டைகளில் ஒட்டும்.

ஆறிய முட்டைகளைக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில், தண்ணீரில் மூழ்கியிருக்கும்படி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். தண்ணீர் இல்லாமல் வைத்தால் மேல்தோல் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழியும்.

பரிமாறும் முன் 60 முதல் 65 டிகிரித் தண்ணீரில் 2 நிமிடம் வையுங்கள். கை வைத்தால் சுடும், ஆனால் குமிழி இருக்காது. அந்தச் சூடு போதும். அதற்கு மேல் சூடாக்கினால் வழியும் பதத்தில் எடுத்துவைத்த மஞ்சள் கரு இறுகிவிடும். துணியில் ஈரம் ஒற்றி, உப்பும் மிளகும் தூவி உடனே பரிமாறுங்கள்.